கூத்து கூப்பிட்டால் போகலாமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மென்பொருள் வேலை, வயது முப்பத்திரண்டு. கோயிலுக்குப் போனால் ஒன்றும் தோன்றுவதில்லையாம். போன சித்திரையில் அம்மா பிறந்த ஊரில், செஞ்சிப் பக்கம், பாரதக் கூத்து. வேஷக்காரர் விட்ட அடியைப் பின்னாலிருந்து எடுத்துப் பாடும் பின்பாட்டுக்கு ஆள் குறைகிறது என்று இவரைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். விடியும்வரை பாடியிருக்கிறார். அன்றிலிருந்து வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. “இது பக்தியா, மேடை மயக்கமா? இந்த வழியில் போனால் ஒரு பிடிப்பும் நாலு மனிதர்களும் கிடைப்பார்களா? எனக்குக் குரல் சுமார்தான். வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்கிவிடலாமா?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேலையை விடாதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

நான் செய்யாறு பக்கத்துக்காரன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தாறு வருஷம், கோடை விடுமுறையிலும் சனிக்கிழமை ராத்திரிகளிலும் ஒரு ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, பின்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேஷம் கட்டியது மூன்றே முறை. மூன்றும் கட்டவேண்டிய ஆள் வராத ராத்திரிகள். ஆகவே நான் சொல்வது பெரிய கலைஞனின் பேச்சு இல்லை. வேஷக்காரர்களின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பேச்சு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், கடலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து என்பது திருவிழாவுக்கு வைக்கும் கச்சேரி மாதிரி இல்லை. அதுதான் திருவிழாவே. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். அன்றைக்குச் சொன்ன கதை ராத்திரி கூத்தாக வரும். வில் வளைப்பு, பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியாகப் போய், கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். அம்மன் கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. அர்ச்சுனன் தபசில் நிஜமாகவே உயரமான கம்பம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே இருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் குழந்தை இல்லாத பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். ஏறியவர் யார், எந்தத் தெரு, நேற்று யாரிடம் கடன் வாங்கினார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏந்துகிறார்கள்.

பக்தியா, மயக்கமா என்று கேட்டீர்கள். பகடைத் துகில் ராத்திரியைச் சொல்கிறேன்.

எங்கள் ஜமாவில் துச்சாதனன் கட்டியவர் முரட்டு ஆள். பகலில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அன்று மட்டும் காலையிலிருந்தே பேச்சு குறைந்துவிடும். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பள்ளிக்கூட வராந்தாவில் உட்காருவார். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்துக்குப் போட்டு, மேலே சிவப்பு வைத்து, மீசை எழுதி முடிக்க இரண்டு மணி நேரம். மரத்தால் செய்த புஜகட்டையும் மார்புக் கட்டையும் கயிறு போட்டு இறுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். இறுக்கம் போதாவிட்டால் ஆட்டத்தில் கட்டை கழன்றுவிடும், அதிகமானால் பாட்டு வராது. அந்த அளவு, கட்டிவிடுகிறவர் கைக்குத்தான் தெரியும். கிரீடத்தைத் தலையில் வைப்பதற்கு முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்குத் துகிலுரியும் கட்டம் வரும். சபையில் கர்ஜித்துக்கொண்டிருந்த துச்சாதனன் அங்கே நின்றுவிடுவார். மத்தளம் நிற்கும். ஹார்மோனியப் பெட்டிக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவர் எதிரே திரௌபதி வேஷத்தில் நிற்பவர் அவருடைய சொந்த மச்சான். அந்த மச்சானுக்கு முன்னால் கைகூப்பி, “தாயே, வயித்துப் பொழப்புக்காகக் கட்டின வேஷம், தப்பிருந்தா பொறுத்துக்கோ” என்று சொல்வார். சொல்லும்போது குரல் துச்சாதனனுடையதாகவும் இருக்காது, மூட்டை ஏற்றுகிறவருடையதாகவும் இருக்காது. அதற்குப் பிறகுதான் சேலையில் கை வைப்பார். மச்சான் கோவிந்தா என்று கை தூக்கிப் பாட, நாங்கள் பின்னால் எடுக்க, பந்தலில் இருக்கும் ஐந்நூறு பேரும் எடுப்பார்கள். முன்வரிசையில் யாருக்காவது சாமி வந்துவிடும். தண்ணீர் தெளித்து உட்காரவைத்துவிட்டு ஆட்டம் தொடரும்.

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவருக்கு அம்மன்மேல் நம்பிக்கை உண்டா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார். வேஷம் கட்டுவதும் கும்பிடுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கை. உங்களைப் போலப் படித்தவர்களுக்கும் எனக்கும்தான் முதலில் நம்பிக்கை வரவேண்டும், பிறகுதான் பாட வேண்டும் என்ற வரிசை. கூத்தில் வரிசை தலைகீழ். பாட ஆரம்பித்துவிடுவீர்கள். மற்றது எப்போதாவது பின்னால் வந்து உட்காரும், வராமலும் போகும்.

சரி, மயக்கம் என்பதே கிடையாதா? உண்டு. முகத்தில் வெளிச்சம் விழுந்து, நாலு பேர் விசிலடித்து, ஒருவர் நூறு ரூபாய் குத்திவிட்டால் யாருக்கும் தலை கிறுகிறுக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தப் பயம் குறைவு. ஏனென்றால் உங்களை உட்காரவைத்தது பின்பாட்டில். அங்கே வெளிச்சமே விழாது. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரியும் அதுதான்: “ஆள் குறைகிறது என்று உட்காரவைத்தார்கள்.” நீங்களாகத் தேடிப் போகவில்லை. இடம் காலியாக இருந்தது, கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அழைப்பு என்று ஒன்று வந்தவர்களுக்கு எல்லாம் அது வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் கையில் திணித்திருக்கிறார்.

மட்டக்களப்பில் இதற்கென்றே ஒரு சடங்கு இருக்கிறது. அங்கே வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகைக் கூத்து. ஒரு ஊர் இந்த வருஷம் கூத்துப் போடுவது என்று முடிவு செய்ததும், கூத்தைச் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவியார் ஆட்களைக் கூட்டிப் பார்த்து, குரலையும் உடம்பையும் சுபாவத்தையும் எடைபோட்டு, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அவரவர் பாட வேண்டிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கொடுப்பார். அதற்குப் பெயர் சட்டங் கொடுத்தல். அதை வாங்கிக்கொண்டவர் மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக வந்து ஆட்டம் பழக வேண்டும். கால் பழகியதும் ஊர் கூடிச் சதங்கை அணி விழா. அப்புறம் அடுக்குப் பார்த்தல் என்கிற ஒத்திகை, அப்புறம்தான் வட்டக் களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், அரங்கேற்றம். அரங்கேறிய பிறகு வீடு வீடாகப் போய் ஆடுவதும் உண்டு. தருமர் கட்ட ஆசைப்பட்டவன் கையில் சேவகன் சட்டம் வந்துவிட்டால் சேவகன்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்குக் கிராமத்து அண்ணாவிமாரைக் கொண்டே கூத்துப் பழக்கினார் என்று படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: பட்டம் படிக்க வந்தவர்கள், படிக்காத ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் சட்டங் கொடுக்கும் சடங்கு இல்லை. ஜமாவின் கூத்து வாத்தியார் கண்ணால் காட்டுவதுதான். எனக்கு வாத்தியார் கொடுத்தது ஒரு ஜோடித் தாளம். “மாமா, எனக்குப் பாட்டு வரும்” என்று சொன்னேன். “பாட்டு எல்லாருக்கும் வரும், நீ தாளத்தைப் புடி” என்றார். ஒன்றரை வருஷம் தாளம் மட்டும்தான் போட்டேன்.

நம் நாடக உலகத்தில் சாமியார் ஆனவர், சாமியாரான பிறகு நாடகத்துக்கே திரும்பி வந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி மிரட்டும் வேஷங்கள் கட்டினார். அந்த வேஷக் கோலத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் மிரண்டு விபரீதம் நேர்ந்துவிட்டது, அதோடு வேஷம் கட்டுவதையே அவர் விட்டுவிட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். எந்த வேஷம், என்ன விபரீதம் என்பதில் ஆளுக்கு ஒரு கதை. காவி கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனார். ‘சுவாமிகள்’ என்பது அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான். அவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை சொந்த மகன் மாதிரி வைத்துக்கொண்டு, மறுபடியும் நாடகத்துக்கே போகச் சொல்லி அனுப்பினார்.  1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகம் அங்கே சிறுவனாகச் சேர்ந்தவர். அந்தப் பையனுக்காக நாலு மணி நேர அபிமன்யு நாடகத்தை ஒரே ராத்திரியில் பாட்டும் வசனமுமாக எழுதிக் கொடுத்தார் என்பார்கள்.

பிறர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாடம் சொல்லி, அதிகாலையில் எழுப்பிச் சாதகம் பண்ணவைத்த மனிதர். கல்யாணம் இல்லை. பக்கவாதம் வந்து பேச்சுப் போய், 1922இல் பாண்டிச்சேரியில் இறந்தார். மதுரை, புதுக்கோட்டைப் பக்க நாடக நடிகர் சங்கங்களில் இன்றைக்கும் அவருக்குக் குருபூஜை நடக்கிறது. வள்ளி திருமணம் போடும் நடிகர்கள் அவர் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் அரிதாரம் தொடுகிறார்கள். அவர் மடம் கட்டியிருந்தால் இத்தனை வருஷம் நின்றிருக்குமா தெரியாது.

கே.பி. சுந்தராம்பாள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1933 டிசம்பரில் கணவரும் மேடை ஜோடியுமான கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளை உடுத்தினார், ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார். 1935இல் படத்தில் நந்தனாராக ஆண் வேஷமே போட்டார். பிறகு ஔவையாராக நின்றார். துக்கம் ஒரு பெண்ணை மூலையில் உட்காரவைக்கும் காலத்தில், மேடையில் பழகிய பாட்டு அவரை முருகன் சந்நிதிப் பக்கம் நடத்திக்கொண்டு போனது. இதற்கு மேல் நான் விளக்கினால் அசட்டுத்தனமாகிவிடும்.

நந்தனார் என்றதும் ஞாபகம் வருகிறது. கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடி முடித்து, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முன்னுரைப் பாட்டு, கேட்டுப் போனார். பிள்ளைக்கு அதில் இலக்கணப் பிழை கண்ணை உறுத்தியது. அப்புறம் வாருங்கள், அப்புறம் வாருங்கள் என்று தட்டிக் கழித்தார். ஒருநாள் மத்தியானம் பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, திண்ணையில் காத்திருந்த பாரதி தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்திருக்கிறார். விழித்துக் கேட்ட பிள்ளை உருகிப்போய், தாமதித்ததற்கு வருந்தி, பாயிரம் எழுதிக் கொடுத்தார். இதை உ.வே.சா. பதிவு செய்து வைத்திருக்கிறார். ஏட்டில் படித்தபோது பிழையாகத் தெரிந்தது, குரலில் வந்தபோது வேறொன்றாகிவிட்டது. கோயிலில் ஒன்றும் தோன்றாத உங்களுக்குக் கூத்தில் தோன்றியதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

இனி வேலை விஷயம். தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா என்று தெலுங்கில் பாடி ஆடும் இசை நாடகம். 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி எழுதியவை. நரசிம்ம ஜயந்தி அன்று வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே பிரகலாத சரித்திரம். பாகவத பிராமணக் குடும்பத்து ஆண்கள்தான் பெண் வேஷம் உட்பட எல்லாம். அவர்களில் அநேகம் பேர் வங்கியிலும் கம்பெனியிலும் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். வருஷம் முழுக்க அங்கே இருந்துவிட்டு, நாடகத்துக்கு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். நரசிம்மர் முகமூடி கோயிலில் பூஜையில் இருக்கும். அதை அணிகிறவர் அன்று விரதம். தூண் பிளந்து வரும் கட்டத்தில் அவரை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரணியன் வேஷக்காரருக்கு அப்போது வருவது நடிப்புப் பயம் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முடிந்ததும், லீவு தீர்ந்ததும், அவரவர் ரயிலைப் பிடித்துப் போய்விடுவார்கள்.

அவர்கள் யாரும் வேலையை விடவில்லை. எங்கள் ஜமாவிலும் உழவு, தச்சு, மூட்டை, டீக்கடை என்று ஏதோ ஒரு பகல்தொழில் இல்லாதவர்கள் குறைவு. முழுநேரமும் கூத்தையே நம்பியவர்கள் மழைக்காலத்தில் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் தூங்க நேரமிருக்காது, ஐப்பசி கார்த்திகையில் அடுப்பு எரியாது. ஒரு ஊரில் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு ஆட்டம் நின்றது. விழாக் கமிட்டிக்காரர்கள் பேசிய பணத்தில் பாதியைத்தான் எண்ணி வைத்தார்கள். பதினைந்து பேர் அதைப் பிரித்துக்கொண்டு நனைந்த கட்டைகளை வேனில் ஏற்றினோம். உங்கள் சம்பளம் உங்களுக்கு மட்டுமில்லை, அந்த மாதிரி ராத்திரியில் ஜமாவுக்கும் உதவும். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாலு மனிதர்கள் கிடைப்பார்களா என்பதற்கு ஒரு சாவு வீட்டை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். ஒருமுறை இறந்தது வயசாளி இல்லை; இருபத்து நாலு வயசுப் பையன். பைக் விபத்து. அவன் போனதிலிருந்து அவன் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். அதைச் சொல்லித்தான் தாம்பூலம் வைத்து எங்களுக்கு ஆட்டம் பேசினார்கள். பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றபோதும் அசையவில்லை. களத்தில் விழுந்த கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு குந்தி ஒப்பாரி எடுத்தபோது, இரண்டாவது அடியில் அந்த அம்மாவின் குரல் பாட்டுக்குள்ளே வந்துவிட்டது. குந்தி வேஷக்காரர் அனுபவசாலி, நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதும் நாங்களும் நிறுத்தப் பார்த்தோம். வாத்தியார் மத்தளத்துக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டினார், விடாதே என்று. பெட்டிக்காரர் துருத்தியை மூடாமல் சுருதியைப் பிடித்தார். நாங்கள் நாலு பேரும் வார்த்தை இல்லாமல் அந்தச் சுருதியிலேயே பின்பாட்டை இழுத்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா தன் மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுது ஓய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை கர்ணன் மடியில் கிடந்தபடியே கிடந்தார், கட்டை விலாவில் குத்தியும் அசையவில்லை.

விடிந்ததும் கிணற்றடியில் எல்லாரும் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கர்ணன் வேஷக்காரர் விலாவில் எண்ணெய் தடவச் சொல்லி என்னிடம் முதுகைக் காட்டினார், அவ்வளவுதான். அவர் மகள் கல்யாணத்துக்கும் என் அப்பா சாவுக்கும் நாங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் நின்றோம்.

இது இந்துக் கோயில் சமாச்சாரம் மட்டுமில்லை. யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் கதைகளைக் கூத்தாக ஆடும் வழக்கம் பழையது. யாழ்ப்பாணத்தில் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிய மரியசேவியர் அடிகள் குருவானவர். பூசை வைக்கிற கையாலேயே நாடகமும் எழுதினார். இயேசுவின் பாடுகளைப் பெரிய கூட்டத்தோடு மேடையேற்றினார். சமயம் பார்க்காமல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார், போர்க்காலத்திலும் மன்றத்தை நடத்தினார். 2021இல் காலமானார். குருத்துவம் ஒன்று, நாடகம் வேறொன்று என்று அவர் வாழ்க்கையைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இவ்வளவு நேரம் நல்லதையே சொல்லிவிட்டேன். கசப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போய் ஏமாந்து நிற்பீர்கள்.

எங்கள் மத்தளக்காரர் சாதியில் தாழ்த்தப்பட்டவர். அவர் அடிக்காவிட்டால் அம்மனே ஆடமாட்டாள் என்று ஊரார் வாயாலேயே சொல்வார்கள். ஒரு ஊரில் விடியற்காலையில் எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது, அவருக்கு மட்டும் காகிதக் கப்பில் வந்தது. அவர் வாங்கிக் குடித்துவிட்டு மத்தளத்துக்கு உறை போட்டார். நான் வாத்தியார், பிள்ளைகளுக்குச் சமத்துவம் பாடம் எடுப்பவன், அன்று வாயைத் திறக்கவில்லை. மறுவருஷம் அந்த ஊருக்குத் தாம்பூலம் வாங்க வேண்டாம் என்று சொன்னது எங்கள் கட்டியக்காரர், நான் இல்லை. கட்டியக்காரர் மேடையில் ராஜாவையே கிண்டல் பண்ணுகிறவர். கீழேயும் அந்தத் துணிச்சல் அவருக்கு இருந்தது. கூட்டம் ஒன்று உங்களைச் சேர்த்துக்கொள்ளும்போது யாரை வாசலில் நிறுத்தியிருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். மெலட்டூரைப் புகழ்ந்தேன், அங்கேயும் இன்ன குடும்பத்து ஆண்கள் என்ற வேலி இருக்கிறது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். திரௌபதிக்கான கூத்து, ஆனால் திரௌபதி கட்டுவது ஆண். அதை மாற்ற எங்கள் வட்டாரத்தில் உருப்படியாக வேலை செய்தது காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னெ டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம். 2002 முதல் 2020 வரை ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் கூத்தும் படித்தார்கள். ஒரு பெண்பிள்ளை கிரீடம் வைத்துக் கிறுக்கி, அதாவது சுழன்று சுழன்று, ஆடியதைப் பார்த்த அன்று எங்கள் பெரியவர் ஒருவர், “இத்தனை வருஷம் நாம பாதி கூத்துதான் ஆடியிருக்கோம்” என்றார். அதே பெரியவர் தன் பேத்தியை அனுப்பச் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடி உண்டு. முன்பணச் சண்டை உண்டு. ஒரு ஜமாவிலிருந்து இன்னொரு ஜமாவுக்கு ஆளை இழுப்பது உண்டு. இதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் உள்ளதுதான், விட்டுவிடலாம்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? உங்களை உட்காரவைத்த அதே ஜமாவின் வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு ரூபாயாவது தட்டில் வையுங்கள். கூத்துப் பழக வேண்டும் என்று சொல்லுங்கள், ஆராய்ச்சி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வார்த்தை அது. போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று முதல் நாளே கேட்க வேண்டாம். ஆட்டம் பார்க்கப் போகும் ராத்திரிகளில் வாத்தியங்கள் முழங்கிக் களரி கட்டும்போது போகாமல், சாயங்காலம் அரிதாரம் கலக்கும்போதே போய்விடுங்கள். யாராவது கயிற்றைப் பிடி என்பார்கள், பிடியுங்கள். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை என்றால் அந்த இரண்டு சனிக்கிழமையும் தவறக் கூடாது. வராத ஆளை ஜமா சீக்கிரம் மறந்துவிடும், அதில் கோபமே இருக்காது.

மூன்று வருஷம் கழித்தும் போகத் தோன்றினால் அப்போது வேலையைப் பற்றி யோசிக்கலாம். எனக்கு அப்படி யோசிக்கவே தோன்றவில்லை. பள்ளிக்கூடமும் ஜமாவும் ஒன்றுக்கொன்று சோறு போட்டுக்கொண்டன. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனின் குரலைக் கவனிக்கிற பழக்கம் எனக்குப் பின்பாட்டிலிருந்து வந்தது.

குரல் சுமார்தான் என்றீர்கள். பின்பாட்டுக்குக் குரலைவிடக் காது முக்கியம். வேஷக்காரர் எந்த அடியை எங்கே விடப்போகிறார் என்பது அவர் மூச்சு வாங்குவதிலேயே தெரிந்துவிடும். விட்ட இடத்தில் எடுத்து, அவர் ஆடி முடித்து மூச்சு திரும்பும்வரை தாங்கி, திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும். நாலு பேர் சேர்ந்து எடுக்கும்போது உங்கள் குரல் தனியாகக் கேட்டால் வாத்தியார் முறைப்பார். முதல் வருஷம் மைக்கிலிருந்து தள்ளித்தான் உட்காரவைப்பார்கள், அதற்கு வருத்தப்படாதீர்கள். தை, மாசியிலேயே போக ஆரம்பித்தால் ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் பனி தொண்டையைப் பிடித்துக்கொள்ளும்.